விண்டோஸ் வணிக மென்பொருளை லினக்ஸிலும் மேக்கிலும் இயக்குவது எப்படி: வடசென்னைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு, இன்டெல் கணினி என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். தங்கசாலை மொத்த வியாபாரக் கடைகளிலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலும், வால்டாக்ஸ் சாலையின் பார்சல் அலுவலகங்களிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் தூசு படிந்து நிற்கும் கணினிகளில் பல இந்தத் தகுதிக்குக் கீழே நிற்பவை. அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாமே என்று கேட்பவர்கள் ஒருபுறம் இருக்க, பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் மேக்புக் வாங்கிவிட்டு அதில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுமா என்று கேட்கும் இளைய ஆடிட்டர்களும் கணக்காளர்களும் இன்னொரு புறம் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பாருக்காகவும் எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

டேலியின் இன்றைய வடிவமான டேலிபிரைம் விண்டோஸுக்காக மட்டுமே தயாரிக்கப்படுகிறது. பிஸி, மார்க் போன்ற பில்லிங் மென்பொருள்களும், சுங்கத் தரகர்கள் பயன்படுத்தும் ஆவணத் தயாரிப்பு மென்பொருள்களில் பெரும்பாலானவையும் விண்டோஸையே அடிப்படையாகக் கொண்டவை. இவற்றை வேறு இயங்குதளத்தில் திறக்க வைப்பது இன்று பெரிய காரியமில்லை. ஆனால் மென்பொருள் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர், மறுநாள் காலை பில் பிரிண்டர் அசையாமல் நிற்கும்போதும், டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கன் கண்ணில் படாதபோதும்தான் விழித்துக்கொள்கிறார். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை மென்பொருளைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பொருள்களே முடிவு செய்கின்றன. ஆகவே முதல் படி கணினியில் தொடங்காமல் ஒரு தாளில் தொடங்குகிறது.

முதல் படி: எல்லாவற்றையும் எழுதுங்கள்

மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிவிட்டு, உரிமம் எந்த வகையில் பிணைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். டேலியின் உரிமம் ஒரு குறிப்பிட்ட கணினியோடு பிணைக்கப்படுகிறது. அதில் ஒருவருக்கான சில்வர், பலருக்கான கோல்டு என இரு வகைகள் உண்டு. சில பழைய மென்பொருள்களும், எம்பிராய்டரி வடிவமைப்பு மென்பொருள்களும் யுஎஸ்பி டாங்கிள் செருகியிருந்தால் மட்டுமே திறக்கும். டாங்கிள் இருக்கிறது என்பது மிக முக்கியமான தகவல், ஏனெனில் அது பின்னால் ஒரு வழியை அடியோடு மூடிவிடும்.

அடுத்து, கணினியோடு இணைந்துள்ள ஒவ்வொரு கருவியையும் அதன் மாடல் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். 80 மில்லிமீட்டர் தெர்மல் பில் பிரிண்டர், பார்கோடு லேபிள் பிரிண்டர், மூன்று பிரதி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடை இயந்திரம், கையொப்ப டோக்கன் ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் கேபிள் வழியாக வருகிறது என்பதும் தெரிய வேண்டும். பார்கோடு ஸ்கேனரைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். பெரும்பாலான ஸ்கேனர்கள் கணினிக்கு விசைப்பலகையாகவே தோன்றுவதால் எங்கும் வேலை செய்யும். எடை இயந்திரம் சீரியல் போர்ட் வழியாக வருமானால் அதைத் தனியாகக் கட்டம் கட்டி வையுங்கள்.

மூன்றாவதாக, தரவு எங்கே இருக்கிறது, அதை வேறு யார் திறக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். கடையில் ஒரு கணினி, மேல்மாடிக் கிடங்கில் ஒன்று, முதலாளி வீட்டில் ஒன்று என மூன்று இடங்களிலிருந்து ஒரே கம்பெனிக் கோப்பு திறக்கப்படுகிறது என்றால், ஒரு கணினியை மாற்றுவது மற்ற இரண்டையும் தொடும்.

இரண்டாம் படி: நிறுவத்தான் வேண்டுமா என்று கேளுங்கள்

முதலாளிக்கு மேக்கில் டேலி வேண்டும் என்பதன் பொருள், பல சமயங்களில், அன்றைய விற்பனையையும் வரவேண்டிய பாக்கியையும் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே. டேலிபிரைமின் அறிக்கைகளை இணைய உலாவி வழியாகப் பார்க்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. கடையில் உள்ள விண்டோஸ் கணினியில் கம்பெனியை இணைத்து வைத்திருந்து, டேலியின் புதுப்பிப்புக்கும் இணைய வசதிகளுக்குமான டிஎஸ்எஸ் சந்தாவும் நடப்பில் இருந்தால், மேக்கிலும் கைபேசியிலும் எதையும் நிறுவாமலேயே பாக்கிப் பட்டியலைப் பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி தளம், இ-வே பில் தளம் ஆகியவையும் உலாவியில் இயங்குபவையே. பதிவு போடும் வேலை ஒருவருக்கு உண்மையிலேயே இருந்தால் மட்டும் கீழே தொடருங்கள்.

மூன்றாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. விண்டோஸ் கணினி ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற கணினிகளிலிருந்து அதன் திரையைத் திறப்பது முதல் வழி. லினக்ஸ் அல்லது மேக் கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி அதில் விண்டோஸை நிறுவுவது இரண்டாவது. விண்டோஸே இல்லாமல், விண்டோஸ் செயலிகளின் அழைப்புகளை லினக்ஸ் அல்லது மேக்கின் அழைப்புகளாக மாற்றித்தரும் வைன் என்ற அடுக்கைப் பயன்படுத்துவது மூன்றாவது. ஒரே கணினியில் இரு இயங்குதளங்களை வைத்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இப்படித்தான் அருகருகே இருந்தன. கல்லாவில் வாடிக்கையாளர் நிற்கும்போது கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்க முடியாது என்பதால், கடைக்கு அந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. ஆப்பிளின் எம் வரிசைச் சிப் கொண்ட மேக்குகளில், மேக்கில் விண்டோஸை நிறுவ ஆப்பிள் தந்த பூட் கேம்ப் வசதி இல்லாததால் அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தேர்வுக்கான என் கணக்கு இதுதான். கணினி 8 ஜிபிக்கும் குறைந்த நினைவகம் உள்ள பழையது என்றால் முதல் வழி. நினைவகம் 16 ஜிபி இருந்து, டாங்கிளும் டோக்கனும் பிரிண்டரும் அதிலேயே செருகப்பட வேண்டும் என்றால் இரண்டாம் வழி. மென்பொருள் சிறியது, பழையது, டாங்கிள் கேட்காதது, தயாரித்தவரே இப்போது இல்லை என்றால் மட்டும் மூன்றாம் வழி. 8 ஜிபி கணினியிலும் மெய்நிகர் விண்டோஸ் ஓடும்; ஆனால் லினக்ஸுக்கு 4, விண்டோஸுக்கு 4 என்று பிரித்த பிறகு இரண்டுமே மூச்சு வாங்கும்.

வழி ஒன்று: தொலைத் திரை

விண்டோஸ் 11 ஓடக்கூடிய ஒரே ஒரு கணினியை வாங்கி அதில் டேலியையும் தரவையும் வைத்துவிட்டு, பழைய கணினிகளில் லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றை நிறுவித் திரைகளாக மட்டும் பயன்படுத்துவது, பல கடைகளுக்குச் செலவிலும் தலைவலியிலும் மிகக் குறைந்த வழி. விண்டோஸின் புரோ பதிப்பில் மட்டுமே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மற்றவர் உள்ளே வர முடியும். ஹோம் பதிப்பு அதை ஏற்காது என்பதால் கணினி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் கணினியின் அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்குங்கள். ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லோடு கூடிய தனிப் பயனர் கணக்கை உருவாக்குங்கள். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரியை ஒதுக்குங்கள். லினக்ஸ் கணினியில் ரெம்மினா என்ற செயலியையும், மேக்கில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆப் என்ற செயலியையும் நிறுவி அந்த முகவரியைக் கொடுத்தால் திரை திறந்துவிடும்.

இதில் இரண்டு வரம்புகள் உள்ளன. விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வேலை செய்ய முடியும். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்தால் கணினி முன் அமர்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் நால்வர் வேலை செய்ய வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், ஒவ்வொருவருக்கும் அதற்கான அணுகல் உரிமமும், டேலியில் கோல்டு உரிமமும் தேவை. சட்டத்துக்குப் புறம்பான ஒட்டுவேலைக் கோப்புகளால் இந்த வரம்பை உடைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடமிருந்து விலகியிருங்கள். அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பில் அது தானாக உடையும்.

இரண்டாவது வரம்பு கையொப்ப டோக்கனைப் பற்றியது. தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு அலுவலகங்களில் இருந்துகொண்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கான ஆவணங்களைத் தயாரிப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் டோக்கனைச் செருகிவிட்டு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்தால், அந்த டோக்கன் உங்கள் அமர்வில் தெரியாது. விண்டோஸ் அந்த அமர்வுக்குள், வெளியிலிருந்து வருபவரின் கணினியில் உள்ள ஸ்மார்ட் கார்டை (டோக்கனும் அந்த வகையே) மட்டுமே காட்டும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. இது பழுதன்று, பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. கையொப்பம் இடும் வேலையை அந்தக் கணினியின் முன் நேரில் அமர்ந்து செய்வது எளிது. அது முடியாதபோது, கணினியின் சொந்தத் திரையை அப்படியே பகிரும் எனிடெஸ்க், விஎன்சி வகைச் செயலிகளில் டோக்கன் தெரியும்.

வீட்டிலிருந்து கடைக் கணினியைத் திறக்க விரும்புபவர்கள், ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. திறந்த கதவைத் தேடி இணையம் முழுவதும் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன. தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் வழக்கமான வாசல்களில் அதுவும் ஒன்று. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற, இரு கணினிகளுக்கிடையே பாதுகாப்பான தனிப் பாதை அமைக்கும் விபிஎன் ஒன்றை இரு கணினிகளிலும் நிறுவி, அதற்குள் மட்டும் தொலைத் திரையைப் பயன்படுத்துங்கள்.

பிரிண்டருக்கு ஒரு வார்த்தை. லான் கேபிள் செருகக்கூடிய தெர்மல் பிரிண்டராக இருந்தால், அது எந்த மேசையில் இருந்தாலும் விண்டோஸ் கணினி நேரடியாக அதற்கு அச்சை அனுப்பிவிடும். புதிதாக வாங்குபவர்கள் யுஎஸ்பி மட்டும் உள்ள மாடலை விட்டு, லான் உள்ள மாடலை வாங்குவது நல்லது.

வழி இரண்டு: லினக்ஸுக்குள் மெய்நிகர் விண்டோஸ்

மெய்நிகர் கணினியை உருவாக்கும் செயலியாக இங்கே ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸில் பழகியவர்கள் அதே வேலையைச் செய்யும் கேவிஎம்மையும் விர்ட்-மேனேஜரையும் பயன்படுத்தலாம், அவை வேகத்தில் இதற்குக் குறைந்தவை அல்ல. தொடங்குவதற்கு முன் உரிமத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள். மெய்நிகர் கணினியும் ஒரு கணினிதான். அதற்கென விண்டோஸ் உரிமம் வேண்டும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டுண்டது. கடையில் தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமத்தை இடம் மாற்றலாம்.

முதலில் கணினியின் பயாஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் சென்று, இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும் மெய்நிகர் கணினிக்கான வசதியை இயக்குங்கள். பின்னர் லினக்ஸ் மிண்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸை நிறுவுங்கள். கணினியில் அங்கீகாரமற்ற நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீல நிறத் திரையில் அதைத் திரும்பக் கேட்கும். அங்கே எம்ஓகே என்ற பாதுகாப்புச் சாவியின் பதிவை ஏற்றுக்கொள்ளாமல் கடந்துவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் எந்த மெய்நிகர் கணினியையும் தொடங்காது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அடுத்து உங்கள் லினக்ஸ் பயனர் கணக்கை வி-பாக்ஸ்-யூசர்ஸ் (vboxusers) என்ற குழுவில் சேருங்கள். பயனர்கள், குழுக்கள் என்ற அமைப்புப் பக்கத்திலேயே இதைச் செய்துவிடலாம். பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இந்தச் சிறு படியை விட்டுவிட்டால் மெய்நிகர் விண்டோஸுக்கு எந்த யுஎஸ்பி கருவியும் கண்ணுக்குத் தெரியாது.

விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினியை உருவாக்கும்போது விண்டோஸ் 11 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், தேவையான மெய்நிகர் டிபிஎம்மையும் இஎஃப்ஐயையும் அதுவே பொருத்திக்கொள்ளும். இந்த வசதி 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து உள்ளது. தானியங்கி நிறுவலைத் தவிர்க்கும் பெட்டியில் டிக் செய்து, நிறுவலை நீங்களே நடத்துங்கள். 16 ஜிபி கணினியில் விண்டோஸுக்கு 6 முதல் 8 ஜிபி வரை நினைவகமும், குறைந்தது இரண்டு பிராசசர் கோர்களும், 80 ஜிபி வட்டும் கொடுங்கள். வட்டுக் கோப்பு எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும்; சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் டேலி திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

விண்டோஸ் நிறுவி முடிந்ததும் டிவைஸஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுங்கள். திரை அளவு, நகல் எடுத்து ஒட்டுதல், பொதுக் கோப்புறை ஆகியவை அதன் பின்தான் சரியாக இயங்கும். எக்ஸ்டென்ஷன் பேக் என்ற தனித் தொகுப்பை மட்டும் பழக்கத்தில் நிறுவிவிடாதீர்கள். அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். கடையில் பயன்படுத்த ஆரக்கிளிடம் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். முன்பு யுஎஸ்பி 2, யுஎஸ்பி 3 கருவிகளுக்காக அது தேவைப்பட்டது, 7.0 பதிப்பிலிருந்து அந்த ஆதரவு அடிப்படைத் தொகுப்புக்குள்ளேயே வந்துவிட்டதால், பெரும்பாலான கடைகளுக்கு இப்போது அது வேண்டியதில்லை.

இப்போது தாளில் எழுதிய கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகி, மெய்நிகர் கணினியின் யுஎஸ்பி அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் சேருங்கள். அதன் பிறகு அந்தக் கருவி செருகப்பட்டவுடன் லினக்ஸைக் கடந்து நேராக விண்டோஸுக்குச் செல்லும். டோக்கன், டாங்கிள், தெர்மல் பிரிண்டர், லேபிள் பிரிண்டர் ஆகியவற்றுக்கு உரிய விண்டோஸ் டிரைவரை மெய்நிகர் விண்டோஸுக்குள் வழக்கம்போல நிறுவினால் போதும். ஒரே பிரிண்டரில் லினக்ஸிலிருந்தும் அச்சிட வேண்டுமென்றால் மட்டும் ஃபில்டரைத் தவிர்த்து, லினக்ஸில் பிரிண்டரைப் பகிர்ந்து பிணையம் வழியாக விண்டோஸில் சேருங்கள்.

வேறு கணினிகளும் இந்த டேலியைத் திறக்க வேண்டுமானால், பிணைய அமைப்பை நாட் என்பதிலிருந்து பிரிட்ஜ்டு என்பதற்கு மாற்றுங்கள். அப்போது மெய்நிகர் விண்டோஸுக்கு ரவுட்டரிலிருந்து தனி முகவரி கிடைத்து, கடையின் மற்ற கணினிகளுக்கு அது இன்னொரு கணினியாகவே தெரியும்.

தரவை எங்கே வைப்பது

இந்த வழியில் மிகக் கவனமாக முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். மெய்நிகர் கணினியின் பெரிய வசதி ஸ்னாப்ஷாட். ஒரு புதுப்பிப்புக்கு முன் நிலையைப் பதிந்துவைத்து, ஏதாவது கெட்டால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். ஆனால் திங்கட்கிழமை எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு வெள்ளிக்கிழமை திரும்பினால், இடையில் போட்ட எல்லாப் பில்களும் போய்விடும். பில் எண்கள் பின்னோக்கிச் சென்று, ஏற்கெனவே இ-இன்வாய்ஸ் எடுத்த எண்ணிலேயே மீண்டும் ஒரு பில் உருவாகும் நிலையும் வரலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள், ஒவ்வொரு மாற்றத்தையும் அழிக்க முடியாதபடி பதிவு செய்யும் ஆடிட் டிரெயில் வசதி கொண்ட மென்பொருளிலேயே கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பதால், இந்த இடைவெளிக்கு ஆடிட்டரிடம் பதில் சொல்ல வேண்டியும் வரும்.

இதைத் தவிர்க்க, மெய்நிகர் கணினிக்கு இரண்டாவது வட்டு ஒன்றை உருவாக்கி, விர்ச்சுவல் மீடியா மேனேஜரில் அதன் வகையை ரைட்த்ரூ என்று மாற்றுங்கள். அந்த வகை வட்டை ஸ்னாப்ஷாட்கள் தொடுவதில்லை. விண்டோஸில் அது தனி டிரைவாகத் தெரியும். டேலியின் தரவுக் கோப்புறையை அங்கே அமைத்துவிட்டால், விண்டோஸை எத்தனை முறை பின்னோக்கித் திருப்பினாலும் கணக்கு அப்படியே இருக்கும்.

தரவை லினக்ஸின் பொதுக் கோப்புறையிலேயே வைத்து விண்டோஸிலிருந்து திறந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். எக்ஸெல் தாளுக்கு அது சரி. ஒரே நேரத்தில் பல பகுதிகளைப் பூட்டித் திறந்து எழுதும் கணக்குத் தரவுக்கு அந்த வழி மெதுவானது. கோப்புப் பூட்டு சரியாக இயங்காவிட்டால் தரவு கெடும் ஆபத்தும் உண்டு. பொதுக் கோப்புறையைப் பேக்கப்புக்கு மட்டும் வையுங்கள். தினமும் கடை மூடும் முன் டேலியின் பேக்கப் கட்டளையால் அந்தக் கோப்புறைக்கு ஒரு நகல், அங்கிருந்து வெளி ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நகல் என்பது போதுமான ஒழுங்கு. கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள், அவற்றின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2022 முதல் இருக்கிறது என்பதை அத்தகையவர்கள் நினைவில் கொள்ளவும்.

மின்தடைக்கும் ஒரு ஏற்பாடு தேவை. யுபிஎஸ் கத்தத் தொடங்கியதும் மெய்நிகர் கணினியின் சன்னலை மூடி, நிலையைச் சேமி என்ற தேர்வைக் கொடுத்தால் விண்டோஸ் அப்படியே உறைந்து நின்று, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் டேலியில் கம்பெனி திறந்திருக்கும்போது மற்ற கணினிகளும் அதில் இருந்தால், முறைப்படி வெளியேறி அணைப்பதே பாதுகாப்பு.

ஆப்பிள் மேக்கில்

2020 நவம்பரில் வந்த எம்1 முதலான சிப்கள், இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகையைச் சேர்ந்தவை. எனவே அவற்றில் விண்டோஸ் 11-இன் ஏஆர்எம் பதிப்பே ஓடும். இதற்கான செயலிகளில், மைக்ரோசாஃப்ட் 2023-இல் அங்கீகரித்த பேரலல்ஸ் டெஸ்க்டாப் பணம் கட்டிப் பயன்படுத்துவது. விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். யுடிஎம் திறமூல மென்பொருள். பேரலல்ஸ் நிறுவுவதற்கு எளிது. செலவைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு ஃப்யூஷன் போதும்.

ஏஆர்எம் விண்டோஸ், சாதாரண விண்டோஸ் செயலிகளைத் தானே மொழிபெயர்த்து இயக்குகிறது. பில்லிங் மென்பொருளுக்கு அந்த வேகம் தாராளம். ஆனால் டிரைவர்களை அது மொழிபெயர்க்காது. ஒரு கருவியின் தயாரிப்பாளர் ஏஆர்எம் விண்டோஸுக்கென டிரைவர் வெளியிடவில்லை என்றால், அந்தக் கருவி மேக்கின் மெய்நிகர் விண்டோஸில் இயங்காது. அமைப்பை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. பழைய லேபிள் பிரிண்டர்கள், டாங்கிள்கள், சில டோக்கன்கள் ஆகியவை இங்கேதான் கைவிடும். மேக் வாங்குவதற்கு முன், தயாரிப்பாளரின் தளத்தில் கருவியின் பெயரோடு ஏஆர்எம்64 என்று எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டோக்கனுக்கு ஒரு மாற்று வழி உண்டு. மெய்நிகர் விண்டோஸில் டேலி ரிட்டர்ன் கோப்பை உருவாக்கட்டும். அந்தக் கோப்பை மேக்குக்கு நகர்த்தி, டோக்கனின் மேக் டிரைவரை நிறுவி, தளத்தில் கையொப்பமிடும் வேலையை மேக்கின் பக்கத்திலேயே முடிக்கலாம். தனிநபர் உரிமை, கூட்டாண்மை வணிகர்கள் கைபேசிக்கு வரும் ஓடிபியால் ஜிஎஸ்டி ரிட்டர்னைச் சரிபார்க்க முடியும் என்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

வழி மூன்று: வைன்

1993-இல் தொடங்கிய வைன் திட்டம், இன்று ஏராளமான விண்டோஸ் செயலிகளை விண்டோஸ் உரிமம் இல்லாமலே இயக்குகிறது. குறைந்த நினைவகமும் போதும். ஆயினும் கணக்கு மென்பொருளுக்கு இதை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டேலி நிறுவனம் விண்டோஸுக்கு மட்டுமே ஆதரவு தருகிறது. இன்று வைனில் திறக்கும் பதிப்பு அடுத்த புதுப்பிப்பில் திறக்காமல் போனால் கேட்க ஆளில்லை. யுஎஸ்பி டாங்கிளின் டிரைவர் விண்டோஸின் உட்கருவுக்குள் செல்ல வேண்டியது. வைனில் அத்தகைய உட்கரு இல்லை. எம்எஸ் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தை உடன் நிறுவும் மென்பொருள்களையும் இங்கே முயலாதீர்கள்.

பொருத்தமானது என்று முடிவு செய்தால், பாட்டில்ஸ் என்ற செயலியை நிறுவி, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி பாட்டிலை, அதாவது தனி விண்டோஸ் சூழலை, உருவாக்குங்கள். அப்போது ஒன்று இயங்கத் தேவையான டாட்நெட் என்ற துணை மென்பொருளின் பதிப்பு இன்னொன்றைக் கெடுக்காது. சீரியல் எடை இயந்திரம் இருந்தால், வைனின் சாதனக் கோப்புறையில் காம்1 என்ற இணைப்பை லினக்ஸின் சீரியல் சாதனத்தோடு சேர்க்க முடியும். அச்சு, லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் வழியாகச் செல்லும். டாட் மேட்ரிக்ஸில் அது எழுத்தாக இல்லாமல் படமாக அடிக்கப்படுவதால் மிக மெதுவாக இருக்கும்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங்கை இன்னும் விட மனமில்லாத கடைகளுக்கு ஒரு நல்ல செய்தி. 64-பிட் விண்டோஸ், அந்தக் காலத்து 16-பிட் நிரல்களை அறவே இயக்காது. லினக்ஸில் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற செயலி அவற்றை இயக்குவதோடு, பிரிண்டர் போர்ட்டையும் இருப்பதுபோலக் காட்டித் தருகிறது. புதிய விண்டோஸைவிடப் பழைய நிரலுக்கு லினக்ஸே நல்ல வீடாக அமைவது இங்கே.

விசைகளும் எழுத்துருக்களும்

டேலியை விரைவாக இயக்குபவர்களின் கை சுட்டியைத் தொடுவதே இல்லை. எனவே விசை ஒன்று மாறினால் வேலை தடுமாறும். மேக்கில் எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகள் ஒளி, ஒலி அளவுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். விசைப்பலகை அமைப்பில் அவற்றை வழக்கமான எஃப் விசைகளாக மாற்றுங்கள். மேக்கின் ஆப்ஷன் விசைதான் ஆல்ட். லினக்ஸில் ஆல்ட்டோடு எஃப்2 அழுத்தினால் கட்டளைப் பெட்டி திறக்கும். டேலியிலோ அதுதான் காலவரம்பை மாற்றும் விசை. மெய்நிகர் கணினியின் சன்னல் முன்னால் இருக்கும்போது விசைகள் பொதுவாக அதற்கே செல்லும். வைனில் அப்படியில்லை என்பதால், லினக்ஸின் விசைக் குறுக்குவழிகளில் அந்தக் கட்டளையை நீக்கிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து வெளியே வர லினக்ஸில் வலப்பக்கக் கன்ட்ரோல் விசை, மேக்கில் இடப்பக்கக் கமாண்ட் விசை.

வாடிக்கையாளர் பெயரையும் சரக்கின் பெயரையும் தமிழில் வைத்திருப்பவர்கள், அது யூனிகோடா, பழைய எழுத்துருவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடு என்றால் வைனில் லதா எழுத்துரு இல்லாத குறையை நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி ஈடுகட்டலாம். பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால் அதே எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து கொண்டுவந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெயர்கள் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும்.

மாற்றும் நாள்

மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதியும், ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதியும் கடைசி நாள்கள். எனவே 21-ஆம் தேதிக்குப் பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கள். எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மாதங்களைத் தொடவே வேண்டாம்.

முதலில் புதிய இடத்தில் டேலியை உரிமம் இல்லாத கல்வி முறையில் திறந்து, தரவின் நகலை ஏற்றிப் பாருங்கள். அந்த முறையில் மாதத்தின் சில குறிப்பிட்ட தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும் என்றாலும், ஒரு பில் அடித்து, மூன்று பிரதி எடுத்து, லேபிள் ஒட்டிப் பார்க்க அது போதும். டோக்கனையும் செருகிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால், அன்றைய விற்பனை முடிந்தபின் பழைய கணினியில் இறுதிப் பேக்கப் எடுத்து, உதவி மெனுவின் அமைப்புகளில் உள்ள உரிமப் பகுதியில் சரண்டர் (உரிமத்தைத் திருப்பித் தருதல்) கொடுத்துவிட்டு, புதிய இடத்தில் உரிமத்தை மீண்டும் செயல்படுத்துங்கள். சரண்டர் செய்யாமல் பழைய வட்டை ஃபார்மேட் செய்தவர்கள் டேலியின் உதவி எண்ணோடு பேசிக்கொண்டிருக்க நேரிடும். உரிமம் ஏறிய மெய்நிகர் கணினியின் பிணைய முகவரியை அதன் பின் மாற்றாதீர்கள். வேறு கணினிக்கு அதை நகர்த்துவதற்கு முன்பும் சரண்டர் செய்யுங்கள்.

பழைய கணினியின் கடைசிப் பேரேட்டு இருப்பையும், சரக்கு மதிப்பையும், கடைசி பில் எண்ணையும் புதிய இடத்தோடு ஒப்பிட்டு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். முதல் நாள் ஏதேனும் தடங்கல் வந்தாலும் வண்டி நிற்க வேண்டியதில்லை. மாநிலத்துக்கு வெளியே 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும் செல்லும் சரக்குக்கான இ-வே பில்லை எந்தக் கணினியின் உலாவியிலிருந்தும் தளத்தில் நேரடியாக எடுத்துவிடலாம். பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, புதிய அமைப்பிலிருந்து அடுத்த ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் ஆகும் வரை மேசைக்கடியில் வைத்திருங்கள். அதன் பிறகு வட்டை அழித்து வேறு வேலைக்குக் கொடுக்கலாம்.